பறக்கும் தட்டும் குறுந்தட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "நீ ஒரு பதினைந்து நிமிஷம் பேசணும். வேலைவாய்ப்பு பத்திப் பேசு, இல்லேன்னா தன்னம்பிக்கை பத்திப் பேசு" என்றார். "அண்ணா, அதுக்கெல்லாம் நிறையப் பேர் இருக்காங்க. நான் வேற்றுக்கிரகவாசிகளைப் பத்திப் பேசட்டுங்களா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, பேசு. கடைசியில பசங்களுக்குப் பயன்படற மாதிரி ஏதாவது சொல்லிடு" என்றார். சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள்.

இன்றைக்கு நான் பார்க்கிற வேலை, ஓடுகிற துணியைக் கேமராவில் படம்பிடித்து, எங்கே நூல் அறுந்திருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை என்று கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்க வைப்பது. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த பள்ளிபாளையத்துக்காரனுக்கு இது பொருத்தமான வேலைதான். ஆனால் படத்தை உற்றுப் பார்க்கும் பழக்கம் எனக்கு வேலையில் வந்ததல்ல. அது என் அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பா இந்த ஊரில் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு விட்டவர். இங்கே இருக்கும் மூத்தவர்கள் சிலர் வீட்டு விசேஷத்துக்கே அவர் வந்திருக்கலாம். மொபெட்டின் பின்னால் டி.வி., முன்னால் டெக், தோளில் கேசட் பை. காதுகுத்து, மாரியம்மன் நோம்பி என்றால் ராத்திரி மூன்று படம். பெரியவர்களுக்கு ஒரு சிவாஜி படம், இளவட்டங்களுக்கு ஒரு ரஜினி படம் என்று கணக்கு. ஆனால் முதலில் குழந்தைகள் தூங்குவதற்கு முன்னால் அவர் போடுவது, கறுப்பு வெள்ளையில் ஒரு எம்.ஜி.ஆர். படம். 'கலை அரசி'.

இந்தத் தலைமுறைக்கு அந்தப் பேர் தெரிந்திருக்காது. 1963 ஏப்ரலில் வந்த படம். ஏ. காசிலிங்கம் இயக்கம், கே. வி. மகாதேவன் இசை, எம்.ஜி.ஆரோடு பி. பானுமதி. கதை என்ன தெரியுமா? வேறொரு கிரகம். அங்கே விஞ்ஞானம் உச்சத்தில் இருக்கிறது. ஆனால் பாட்டு இல்லை, கலை இல்லை. அதனால் அங்கிருந்து பூமிக்கு வருகிறார்கள், நன்றாகப் பாடுகிற ஒருவரைத் தேடிக்கொண்டு. பானுமதியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எம்.ஜி.ஆர். சும்மா விடுவாரா? அவரும் கிளம்பிவிடுகிறார். தூக்கிக்கொண்டு போகும் வேற்றுக்கிரகவாசி வேறு யாருமில்லை, நம்ம எம். என். நம்பியார்தான்!

கொஞ்சம் காலத்தை நினைத்துப் பாருங்கள். யூரி ககாரின் விண்வெளிக்குப் போனது 1961 ஏப்ரலில். தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது 1963 நவம்பர் 21-இல். அதற்கு ஏழு மாதம் முன்னாலேயே தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் நம்பியார் வேறு கிரகத்திலிருந்து வந்து இறங்கிவிட்டார். 2024 பொங்கலுக்கு 'அயலான்' வந்தபோது, தமிழில் வேற்றுக்கிரகவாசி வருவது புதுசு என்று என் அலுவலகத்துத் தம்பி ஒருவர் சொன்னார். "அறுபத்தோரு வருஷம் லேட்டுப்பா நீ" என்றேன்.

மேல்நாட்டுப் படங்களில் வேற்றுக்கிரகத்தார் நிலத்தைப் பிடிக்க வருவார்கள், ஊரை எரிக்க வருவார்கள். எச். ஜி. வெல்ஸ் 1898-இல் எழுதிய 'உலகங்களின் போர்' நாவலை 1953-இல் ஜார்ஜ் பால் ஹாலிவுட்டில் படமாகத் தயாரித்தார். செவ்வாய்க்காரர்கள் நகரங்களைச் சாம்பலாக்குவார்கள். நம் ஊர்க் கதையில் அவர்கள் பாட்டு வாத்தியார் தேடி வருகிறார்கள். சிரிப்பு வரலாம். எனக்கென்னவோ நம் கதைதான் நாகரிகமான படையெடுப்பு என்று தோன்றுகிறது.

நம் பகுதிக்கும் இதில் பங்கு உண்டு. பக்கத்துத் திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்து லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர் டி. ஆர். சுந்தரம். ஜவுளி படித்தவர் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை உண்டாக்கினார். அவர் அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து 1952-இல் எடுத்த படம் 'காடு'. ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்'. யானைக் கூட்டம் ஏன் மிரண்டு ஓடுகிறது என்று தேடிப் போனால், அழிந்துபோனதாக நினைத்த ரோமயானைகள் காரணம் என்று தெரியவரும். ரோமயானைக்கு எங்கே போவது? நம் யானைகளுக்கே ரோமம் போர்த்திவிட்டார்கள். இதே லிப்பர்ட், 1950-இல் ராக்கெட் படமும் 1964-இல் பூமியின் மேல் படையெடுக்கும் படமும் எடுத்தவர். 'காடு' படத்திலும் நம்பியார் உண்டு. சேலத்தில் ரோமயானையைப் பார்த்தவர், பதினோரு வருஷம் கழித்து வேற்றுக்கிரகவாசியாகவே ஆகிவிட்டார்!

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய கதை.

2007-இல் நான் இங்கே இரண்டாம் ஆண்டு. அந்த வருஷம்தான் மோசர் பேர் நிறுவனம் படத் தட்டுகளைக் குறைந்த விலையில் இறக்கியது. வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய். டெக் வாடகைத் தொழில் அதற்கு முன்பே படுத்துவிட்டது. வீட்டு அட்டத்தில் முன்னூறு கேசட் தூசியோடு கிடந்தன. "அப்பா, இதெல்லாம் எதுக்கு? எந்தப் படம் வேணும்னாலும் இப்ப தட்டுல வந்துரும். இடத்தை அடைச்சுக்கிட்டு" என்று தினமும் நச்சரித்தேன். கடைசியில் பழைய பிளாஸ்டிக் எடுப்பவருக்கு எடைக்குப் போட்டோம். அப்பா ஒரே ஒரு கேசட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இதையும் போடுங்கப்பா, நான் தட்டு வாங்கித் தர்றேன்" என்று நானே பிடுங்கிச் சாக்கில் போட்டேன். அதுதான் 'கலை அரசி'.

சொன்னபடி கொஞ்ச நாளில் ஈரோட்டில் ஒரு தட்டு வாங்கி வந்தேன். உறையில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. போட்டுப் பார்த்தோம். திரையின் இரண்டு மூலையிலும் ஏதோ முத்திரை. முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. எம்.ஜி.ஆர். அகலமாகத் தெரிகிறார். அப்பா பத்து நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்தார். "இது நம்ம பிரதி இல்லை கண்ணு" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

படம் ஒன்றுதானே, அதில் என்ன நம்ம பிரதி, அடுத்தவர் பிரதி என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வேலைக்குப் போன பிறகுதான் புரிந்தது. அதை இங்கே தம்பிகளுக்கு விளக்க ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது: பரீட்சைக்கு முதல் நாள் சுற்றுகிற நோட்ஸ்! முதல் ஜெராக்ஸ் தெளிவாக இருக்கும். அதை ஜெராக்ஸ் எடுத்தவனிடம் ஜெராக்ஸ் எடுத்து, அதிலிருந்து இன்னொருவன் எடுத்தால் கடைசி பெஞ்சுக்கு வரும்போது சமன்பாட்டில் ப்ளஸ் எது, மைனஸ் எது என்று தெரியாது. சினிமாவும் அப்படித்தான். கேமராவுக்குள் ஓடிய நெகட்டிவ்தான் முதல் நோட்ஸ். அதிலிருந்து தியேட்டர் பிரதி, அதிலிருந்து ஒளிநாடா, அதிலிருந்து இன்னொரு நாடா, அதிலிருந்து தட்டு.

வி.சி.டி.யில் ஒரு பிம்பத்துக்கு 352க்கு 288 புள்ளிகள். ஏறக்குறைய ஒரு லட்சம். 35 மி.மீ. படச்சுருளை இன்று 4கே தரத்தில் வருடினால் ஒரு பிம்பத்துக்கு 4096க்கு 3112. ஒரு கோடியே 27 லட்சம். சுமார் 125 மடங்கு. நான் வாங்கி வந்த தட்டில் இருந்தது 125-இல் ஒரு பங்குதான். அதுவும் எத்தனையாவது ஜெராக்ஸோ!

எம்.ஜி.ஆர். அகலமானதற்கும் காரணம் உண்டு. பழைய படங்கள் ஏறக்குறைய நாலுக்கு மூன்று என்ற அளவில் எடுக்கப்பட்டவை. அதைப் பதினாறுக்கு ஒன்பது திரையில் முழுதாக இழுத்துவிட்டால் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருத்துவிடுவார்கள். உங்கள் வீட்டு டி.வி.யிலும் இருக்கும், ரிமோட்டில் 4:3 என்று மாற்றுங்கள், எல்லாரும் உடனே இளைத்துவிடுவார்கள். இன்னொன்று, படச்சுருள் விநாடிக்கு 24 பிம்பம். நம் நாட்டு டி.வி. முறையில் 25. அந்தக் காலத்து மாற்றங்களில் இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆறு நிமிஷம் வெட்டிவிட்டான் என்று சண்டைக்குப் போகக் கூடாது. வேகமாக ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

மேல்நாட்டில் இதே மாதிரிப் பழைய படையெடுப்புப் படங்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1953-இன் 'உலகங்களின் போர்' படத்தில் செவ்வாய்க்காரர்களின் போர் வாகனங்கள், மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்ட மாதிரிகள். அன்று டெக்னிகலர் முறையில், சாயத்தை அச்சுப்போல ஏற்றி எடுத்த பிரதிகளில் அந்தக் கம்பிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. படத்துக்கு ஆஸ்கர் விருதே கிடைத்தது, விசேஷத் தந்திரக் காட்சிகளுக்காக. பின்னாளில் வேறு வகைப் படச்சுருளில் எடுத்த பிரதிகளிலும், அவற்றைத் தொடர்ந்த ஒளிநாடா, டி.வி.டி.களிலும் கம்பிகள் பளிச்சென்று தெரிந்தன. ஒரு தலைமுறையே, "அந்தக் காலத்துப் படம், கம்பிகூட மறைக்கத் தெரியவில்லை" என்று சிரித்தது. 2018-இல் படத்தை 4கே தரத்தில் புதுப்பித்து, 2020-இல் கிரைட்டீரியன் நிறுவனம் புளூ-ரே தட்டாக வெளியிட்டது. நிறமும் வெளிச்சமும் பழைய நிலைக்கு வந்தன, கம்பிகளும் மறைந்தன.

அதே 1953-இல் வந்த இன்னொரு படம் 'செவ்வாயிலிருந்து வந்த படையெடுப்பாளர்கள்'. வில்லியம் கேமரன் மென்சீஸ் இயக்கியது. ஒரு பையன் ராத்திரி ஜன்னல் வழியாகப் பார்க்கிறான், வீட்டுக்குப் பின்னால் பறக்கும் தட்டு இறங்குகிறது. பார்க்கப்போன அப்பா வேறு ஆளாகத் திரும்பி வருகிறார். மங்கிப்போன பிரதிகளில் பல வருஷம் சுற்றிய படம். 2022-இல் இக்னைட் பிலிம்ஸ் அதைப் புதுப்பித்து வெளியிட்டது. அந்தப் படத்துக்கு அமெரிக்காவில் ஒரு முடிவு, பிரிட்டனில் வேறொரு முடிவு. புதிய வெளியீட்டில் இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். ஒன்றை நல்லது என்று வைத்துக்கொண்டு இன்னொன்றைக் குப்பையில் போடவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். கம்பியை அழித்தது சரியா? கையில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்பதற்காக எதை வேண்டுமானாலும் அழிக்கலாமா?

இதற்கு என் வேலையிலிருந்தே பதில் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மில்லில் நாங்கள் கேமராவைப் பொருத்தினோம். முதல் நாள் ராத்திரி முழுக்க இயந்திரம் 'குறை, குறை' என்று கத்திக்கொண்டே இருந்தது. காலையில் போய்ப் பார்த்தால், துணியில் ஒரு குறையும் இல்லை. கரையோரம் நெய்திருந்த சின்னப் புட்டாவை எல்லாம் அது அழுக்கு என்று நினைத்திருக்கிறது! நெய்தவன் வேண்டுமென்று போட்டது எது, தானாக வந்து ஒட்டியது எது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, தப்பு என்னுடையது.

படத்தைச் சுத்தம் செய்யும் மென்பொருளும் இதே தப்பைச் செய்யும். ஒரே ஒரு பிம்பத்தில் தோன்றி அடுத்ததில் மறைகிற வெள்ளைப் புள்ளி தூசி என்பது அதன் கணக்கு. அப்படியானால் மழைத்துளி? தீப்பொறி? அவையும் அப்படித்தான் தோன்றி மறையும். கவனிக்காமல் விட்டால் மழை நின்றுவிடும், தீப்பொறி அணைந்துவிடும். அதனால் அளவுகோல் ஒன்றுதான்: முதல் நாள் முதல் காட்சி பார்த்தவன் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவன் கம்பியைப் பார்க்கவில்லை, மறைக்கலாம். 'கலை அரசி'யில் கிரகத்து மாளிகை பலகையும் பெயிண்டும்தான் என்று அன்று ஒருவனுக்குத் தெரிந்திருந்தால், இன்றைக்கும் தெரியட்டும். அதைப் பளிங்கு மாளிகையாக மாற்ற நமக்கு உரிமை இல்லை.

இதெல்லாம் தமிழில் நடக்குமா என்று கேட்டால், நடந்திருக்கிறது. 1964-இன் 'கர்ணன்' டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012-இல் தியேட்டருக்கு வந்து கூட்டத்தைக் கூட்டியது. 1965-இன் 'ஆயிரத்தில் ஒருவன்' 2014-இல் வந்தது. தொழில்நுட்பமும் இருக்கிறது, பார்க்க ஆளும் இருக்கிறது. சட்டமும் இப்போது வழிவிடுகிறது. நம் நாட்டில் ஒரு திரைப்படத்தின் உரிமைக்காலம், அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டுகள். அந்தக் கணக்கில் 1963-இல் வந்த படத்துக்கு 2023 டிசம்பரோடு முடிகிறது. கதை, பாட்டு எழுதியவர்களின் உரிமைக்குத் தனிக் கணக்கு உண்டு. அதைக் கேட்டுப் பெற வேண்டும். அயலான் தியேட்டரில் இறங்கிய அதே மாதம், பழைய நம்பியார் சட்டப்படி ஊர்ப் பொதுவாகிவிட்டார்!

ஆனால் சட்டம் உரிமையைத்தான் கொடுக்கும், படச்சுருளைக் கொடுக்காது. படச்சுருள் யாராவது ஒருவர் வைத்திருந்தால்தான் உண்டு. அறுபதுகளின் படச்சுருள் அசிட்டேட். வெப்பமும் ஈரமும் பட்டால் புளித்த காடி வாசம் அடிக்கும்; சுருங்கும்; முறுக்கிக்கொள்ளும். நம் சேலம், நாமக்கல் வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை. காப்பகத்துக்கே ஆபத்து வரும்: 2003 ஜனவரியில் புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பழைய சுருள்கள் தீயில் போயின. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ இன்று இல்லை. ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் பிறந்த இடம்.

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். புதுப்பிப்பவன் பிறகு வருவான். அவனுக்கு முன்னால் வைத்திருந்தவன் ஒருவன் இருக்க வேண்டும். வைத்திருப்பவனை உலகம் கிறுக்கன் என்று சொல்லும். பெற்ற பிள்ளையே சொல்வான், நான் சொன்னேன்.

செயலாளர் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு பாக்கி இருக்கிறது. முன்னாள் மாணவர்களுக்கு: உங்கள் வீட்டு அட்டத்தில் கேசட் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். பூஞ்சை பிடித்ததை டெக்கில் ஓட்டிப் பார்க்காதீர்கள். நாடாவும் போகும், டெக்கும் போகும். புத்தகம்போல நிறுத்தி, ஈரமில்லாத இடத்தில், காந்தமுள்ள ஸ்பீக்கர் பக்கம் போகாமல் வையுங்கள். எதிலிருந்து, எப்போது பதிந்தது என்று தெரிந்தால் ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். பழைய தியேட்டர்காரர் குடும்பங்கள் உங்களுக்குத் தெரிந்தால், தகர டப்பாவில் படச்சுருள் கிடக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கிடந்தால், தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் புணே காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

தம்பி தங்கைகளுக்கு: இறுதியாண்டு புராஜெக்டுக்கு என்ன தலைப்பு என்று அலைகிறீர்களே, இதோ. ஆடுகிற பிம்பத்தை நிறுத்துவது, மினுக்குவதைச் சமன் செய்வது, மழையையும் தூசியையும் பிரித்தறிவது. வீட்டுக் கல்யாணக் கேசட்டில் தொடங்குங்கள். மென்பொருள் அழித்தது ஒவ்வொன்றையும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பாருங்கள். அது புட்டாவா, அழுக்கா என்று கேளுங்கள். பொறியாளன் வேலையில் பாதி அந்தக் கேள்விதான்.

கடைசியாக ஒன்று. அன்று, "நம்ம பிரதி இல்லை" என்று எப்படிச் சொன்னீர்கள் என்று அப்பாவிடம் பல வருஷம் கழித்துக் கேட்டேன். "நம்ம கேசட்டுல ஒவ்வொரு ரீல் முடியறப்பவும் வலது மூலையில வட்டமா ஒரு புள்ளி ரெண்டு தடவை மின்னும். இதுல அது இல்லை" என்றார். ரீல் முடியப்போகிறது, அடுத்த புரொஜக்டரை ஓட்டு என்று ஆபரேட்டருக்குச் சொல்லும் அடையாளம் அது. அப்படியானால் எங்கள் கேசட் நேராகத் தியேட்டர் பிரதியிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். அந்த வித்தியாசத்தை, எஸ்.எஸ்.எல்.சி. தாண்டாத என் அப்பா பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தார். நான் இங்கே நாலு வருஷம் படித்து, அதற்கு மேல் பத்து வருஷம் வேலை பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அவர் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு அறிவிப்புச் செய்யச் சொன்னார், செய்துவிடுகிறேன். 2007-இல் பள்ளிபாளையத்தில் எடைக்குப் போன ஒரு கேசட். முதுகில் பச்சை மையில் 'கலை அரசி', எண் 47 என்று எழுதியிருக்கும். எங்காவது, யார் வீட்டிலாவது கண்ணில் பட்டால் தயவுசெய்து சொல்லுங்கள். டெக் அவரிடம் இன்னும் ஓடுகிற நிலையில் இருக்கிறது. வாரம் ஒருமுறை துடைத்து வைக்கிறார்.